பத்து கிராம் கோகோபீட்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆனது. முந்தின வாரம் பதினான்கு. ஜூனில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு ஆழ்துளைக் கிணறுகள் இப்படித்தான் இறங்கும். பால் காய்ச்சி, காபி குடித்து, மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டேன். காஸ் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு 7.20க்குக் கதவைப் பூட்டினேன். 7.48 ரயிலில் பல்லாவரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பம்மல். 8.35க்கு வேலை செய்யும் இடத்தின் மாடிப்படி ஏறினேன்.

இவை என் டைரியில் அன்றைய பக்கத்தின் முதல் ஆறு வரிகள். ஏழாவது வரியிலிருந்து கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறது. கோட்டை விட்டு இறங்கி, ஏறி, இரண்டு இடத்தில் மை கொட்டி. இன்று எடுத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் விரல் நின்றுவிடுகிறது.

மண்ணும் தண்ணீரும் சோதித்துத் தருகிற சின்ன லேப் எங்களுடையது. பழைய தோல் பட்டறை ஒன்றின் மாடியில் இருக்கிறது. மூன்றே பேர். லேப் உரிமையாளர் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை சார் என்போம். பைக்கில் சுற்றி மாதிரிகள் சேகரித்து வருபவர் ஒருவர், என்னைவிட ஏழு வயது சின்னவர், என்னை அக்கா என்பார். மூன்றாவது ஆள் நான். சோதனை செய்வதும் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும் நான்தான். அதற்கு முன் பதினாறு வருடம் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சோதித்தவள். என் அறிக்கையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது என்று சார் வருகிறவர்களிடம் சொல்வார். எனக்கும் அதில் பெருமை இருந்தது.

காலை 10.20க்கு லேப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மேடம், கோவிலம்பாக்கத்துலேர்ந்து பேசறேன். நாத்துப் பண்ணை. ஞாபகம் கீதா?"

"சொல்லுங்கம்மா."

"எல்லாம் மஞ்சளா பூட்ச்சு மேடம். கத்திரி, மொளகா, தக்காளி, மூணும். தக்காளி இலைக்கு அடியில ஊதா கலரு அடிக்குது. சத்து நெறைய கீதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கல்ல? அது ஓவராப் போயி கருக்குதா?"

"உரம் ஏதாவது போட்டீங்களா?"

"நீங்கதான் போடாதன்னீங்களே! சத்தியமா ஒரு சிட்டிகை போடல. எங்க பெரியவரு வந்து பாத்துட்டு, உப்பு ஏறிக்கிச்சு, நல்லா தண்ணி வுட்டு அலசுன்னாரு. நாலு நாளா ரெண்டு வேளையும் அலசறேன். இன்னும் ஜாஸ்தியா அலசணுமா?"

எனக்குப் பயம் வந்தால் முதலில் விரல் நுனிகள் சில்லிடும். ரிசீவரை இடது கைக்கு மாற்றினேன்.

"இன்னிக்கு அலச வேண்டாம். தண்ணியே விடாதீங்க. நான் ஒண்ணு பாத்துட்டுக் கூப்பிடறேன்."

"வெள்ளிக்கிழமை குடோன்காரன் வர்றான் மேடம். அதுக்குள்ள நாத்து தேறலேன்னா எடத்த அவனுக்கு வுட்ருவாங்க. அதான் கேக்கறேன். வேற ஒண்ணும் இல்ல."

அவர் விஷயம் எனக்குத் தெரியும். மே மாதம் மாதிரியோடு வந்தபோது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தார். கணவர் வீட்டாருக்கு ஒரு காலத்தில் ஏரியை ஒட்டி நெல் வயல்கள். இப்போது எல்லாம் அடுக்குமாடிகள். மிச்சம் பன்னிரண்டு சென்ட். கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். கணவரின் அண்ணனை அவர் பெரியவர் என்று சொல்வார். பெரியவருக்கு அந்த இடத்தைக் குடோனுக்கு வாடகைக்கு விட வேண்டும். இவருக்கு அதில் காய்கறி நாற்று வளர்க்க வேண்டும். ஆடிப்பட்டம் வரை ஒரே ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். நாற்று விடும் பிளாஸ்டிக் தட்டு நூற்று நாற்பது, தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. மண்ணே கிடையாது. தேங்காய் நாரில் இருந்து உதிரும் தூளான கோகோபீட், அதில் கொஞ்சம் பீட் என்னும் வெளிநாட்டுச் சதுப்புநில மக்கு, அவ்வளவுதான். "கடையில உரம் போட்டது, போடாததுன்னு ரெண்டு கீதாம். இது எதுன்னே தெரியல. டெஸ்ட் பண்ணிட்டே விதைக்கிறேன் மேடம், ரிஸ்க் எடுக்க முடியாது" என்று சொல்லித்தான் அந்தப் பையை என் மேசையில் வைத்தார்.

மே 22ஆம் தேதி அறிக்கையின் நகலை எடுத்தேன். தழைச்சத்து: அதிகம். மணிச்சத்து: அதிகம். சாம்பல் சத்து: மிக அதிகம். கீழே பரிந்துரை, என் கையெழுத்தில்: உரம் தேவையில்லை, கூடுதல் உரம் நாற்றைக் கருக்கும். காலிக் கட்டம் ஒன்றும் இல்லை.

பிறகு என் வேலை நோட்டை எடுத்தேன். எந்த மாதிரியை எப்படிச் சோதித்தேன் என்று படிப்படியாக எழுதி வைப்பது அதில்தான். மே 20ஆம் தேதிப் பக்கம்: நிழலில் உலர்த்தியது, இரண்டு நாள். இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தது. பத்து கிராம் எடை. அடுத்த வரி: மாதிரி சிறு குடுவையில் அடங்காததால் பெரிய குடுவை பயன்படுத்தப்பட்டது.

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அன்று காலை, போன் வருவதற்கு முன் எடை போட்ட வேறொரு தோட்ட மண் மேசையில் இருந்தது. பத்து கிராம். கண்ணாடிக் குவளையின் அடியில் ஒரு விரல் கனம்கூட இல்லை. நாங்கள் எந்த மாதிரியிலும் கொஞ்சத்தை ஒரு மாதம் வைத்திருப்போம். அலமாரியில் இருந்து அந்தக் கோகோபீட்டின் உலர்ந்த மிச்சத்தை எடுத்து, அதே அளவுக் குவளையைத் தராசில் வைத்துப் பத்து கிராம் போட்டேன். விளிம்பு வரை வந்து, மேலே கோபுரமாக நின்று, மேசையில் சரிந்தது.

இரண்டு குவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பும் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து, பெரிய குடுவை எடுத்து, அதை நோட்டிலும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன். மண்ணை எடை போட்டு, ஒரு கிலோவுக்கு இவ்வளவு சத்து என்று சொல்வது வழக்கம். மண் கனமானது. ஒரு கிலோ மண் ஒரு சொம்புக்குள் அடங்கும். ஆனால் ஒரு கிலோ உலர்ந்த கோகோபீட் ஒரு பெரிய பக்கெட் நிறைய வரும். பக்கெட் முழுக்கப் பரவிக் கிடந்த சத்தை நான் ஒரு சொம்புக்குள் இருப்பதாக எழுதிவிட்டேன். பிறகு மண்ணுக்கு உரிய அட்டவணையை வைத்து அதிகம், மிக அதிகம் என்று மதிப்பும் போட்டேன். நாற்றின் வேருக்கு எடை தெரியாது. அதற்குக் கிடைப்பது ஒரு குழி இடம். அந்தக் குழியில் உள்ள கோகோபீட்டைக் காயவைத்து எடை போட்டால் இரண்டு, மூன்று கிராம்தான் வரும். அதில் இருந்தது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. விதைக்குள் இருந்த உணவு தீர்ந்ததும் அவை பட்டினி கிடந்திருக்கின்றன. உரம் போடாதே என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் இருந்ததையும் நாலு நாளாகத் தண்ணீர் விட்டு அலசியிருக்கிறார்கள்.

பீட்டை எப்படிச் சோதிப்பது என்று பத்துப் பக்க ஜெராக்ஸ் ஒன்று சாரின் அலமாரியில் இருந்தது. குளிர்நாடுகளில் சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கும் பீட்டுக்காக எழுதியது. உலர்த்தாதே, எடை போடாதே, வந்த ஈரத்தோடு கன அளவில் எடு. அதைப் படித்துமிருக்கிறேன். எங்கள் அறிக்கைப் படிவத்தில் கன அளவுக்குக் கட்டம் இல்லை. அதனால் அதை விட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. எத்தனை யோசித்தாலும் அதுதான் உண்மை.

11.10க்குச் சோதனையை மறுபடி தொடங்கினேன். உலர்த்தாத பாதி, கட்டிய பையில் ஈரத்தோடு அப்படியே இருந்தது. அளவுக் குழாயில் போட்டு, மேலே ஒரு சின்ன எடையை வைத்து ஒரே சீராக அமுக்கி, ஒரு பங்கு எடுத்தேன். ஒன்றரைப் பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர். ஒரு மணி நேரம் குலுக்கல். பிறகு வடிதாளில் வடிய விட்டேன். டீ நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே நான் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். சத்து இருக்கட்டும், உப்பாவது இருக்கட்டும், நாற்றுக்கு ஏதாவது நோய் வந்திருக்கட்டும். ஒரு பெண்ணின் நாற்றுக்கு நோய் வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

கரித்தூள் போட்டு நிறத்தை நீக்கி அளந்தேன். தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம். மணிச்சத்தும் அப்படியே. சாம்பல் சத்து மட்டும் கொஞ்சம். மூன்று முறை செய்தேன். மூன்றும் ஒன்றுபோல வந்தன. சாதாரண நாளில் அப்படி வந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

2.15க்கு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், பயப்படாதீங்க. மெதட் டிஃபரன்ஸ்னு ஒரு வார்த்தை இருக்கு. ரிவைஸ்டு ரிப்போர்ட் அடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. தப்புன்னு மட்டும் வாயால சொல்லாதீங்க."

"அவங்களுக்கு அது புரியாது சார். எனக்கே மே மாசம் புரியல."

"அதுக்காக நேர்ல போவீங்களா?"

"போகணும் சார்."

"போறதா இருந்தா நீங்களா போங்க. லேப் அனுப்பிச்சதா சொல்லாதீங்க. கேஸு கீஸுன்னு வந்தா நான் நிக்க முடியாது. என் வயசு உங்களுக்குத் தெரியும்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். கண்ணாடியை மேசையில் வைக்கும்போது சத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் என் பயம் கூடியது. கேஸ் என்ற வார்த்தையை அதுவரை நான் நினைக்கவில்லை.

வெளியே மாதிரிப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி கீது? பி.பி. மாத்திரை போட்டியா?"

"கோகோபீட்டை மண்ணு மாதிரி எடை போட்டுட்டேன். கோவிலம்பாக்கத்து அம்மாவோட நாத்தெல்லாம் போயிடுச்சு. குடோன்காரன் வர்றதுக்குள்ள நேர்ல போகணும்."

"எடையா? பஞ்சு மிட்டாய தராசுல வச்ச கத. சரி, ஏறு வண்டியில. பேஜார் பண்ணாத."

"நான் பஸ்ல போயிக்கறேன்."

"பஸ்ல நீ போயிச் சேர்றதுக்குள்ள அங்க குடோனே கட்டிடுவாங்க. ஏறுக்கா, இந்தா, இத மாட்டிக்க. ஆனா அழுவாத. அது என் ஒய்ஃபு ஹெல்மெட்டு. ஈரம் பட்டா அவ கேள்வி கேப்பா."

ரேடியல் சாலை வழியாகப் போனோம். வெயிலில் தார் மினுக்கியது. அவர் வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். நான் மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சோதனை முறையில் ஏற்பட்ட வேறுபாடு காரணமாக. கோவிலம்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்கு அடித்திருந்த தகரத்தை ஒட்டித் திரும்பும்போது அந்த வாக்கியம் எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் அதற்குப் பதில் வேறு வாக்கியம் வரவில்லை.

இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே பச்சை நிழல்வலை. உள்ளே வரிசையாகத் தட்டுகள். நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். ஏன் என்று தெரியாது. நாற்றுகள் விதைத்துப் பதினெட்டு நாள் ஆனவைபோல இல்லை. எட்டு, ஒன்பது நாளில் நின்றுவிட்டவைபோல இருந்தன. அடி இலைகள் மஞ்சள். ஒரு தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஊதா. ஒன்றுகூட வாடவில்லை. எல்லாம் நிமிர்ந்து, எதற்கோ காத்திருப்பதுபோல நின்றன.

அந்தப் பெண் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பின்பக்கச் சுவர் ஓரம் பெரியவர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனை ஒரு கல்லின் கீழ் செருகியிருந்தது.

"இன்னா மேடம், நீங்களே வந்துட்டீங்க? அவ்ளோ மோசமா?"

தயார் செய்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். "தப்பு என்னுதும்மா" என்றேன். "சத்து அதிகம்னு நான் எழுதினது தப்பு. இதுல சத்தே இல்ல. கோகோபீட்டை எடை போட்டுக் கணக்குப் பண்ணிட்டேன். அப்படிப் பண்ணக் கூடாது."

அவர் மூலைக்குப் போய், செங்கல்போல அழுத்திக் கட்டிய கோகோபீட் கட்டி ஒன்றை இடுப்பில் தாங்கி எடுத்துவந்து என் காலருகே போட்டார்.

"எடை போட்டீங்களா? இது அஞ்சு கிலோ. தண்ணி ஊத்துனா அந்தத் தொட்டி ரொம்பும். இத எடை போட்டு யாராச்சும் பயிரு வப்பாங்களா? நாங்க தட்டுக் கணக்குலதான் போடுவோம். ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே மேடம்."

"கேட்டிருக்கணும்."

"படிச்சவங்களே இப்டின்னா..." என்று பெரியவர் தொடங்கினார்.

அந்தப் பெண் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சும்மா இருங்க மாமா. அலசு அலசுன்னு நாலு நாளா தலமேல நின்னது யாரு?"

"நான் இன்னா கண்டேன்? சத்து ஓவருன்னு ரிப்போர்ட்டுல போட்டுக்கீது. அத்த பாத்துதான் சொன்னேன்."

எந்தப் பக்கம் போனாலும் பேச்சு என் கையெழுத்தில் வந்து நின்றது. கூட வந்தவர் வாசலில் பைக்மேல் உட்கார்ந்திருந்தார்.

"பொழைக்குமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தெரியாது. பழைய இலை மாறாது. உரம் குடுத்தா நடுவுல வர்ற புது இலை பச்சையா வரணும். வந்தா பொழைச்சதுன்னு அர்த்தம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"வரும்னு எழுதிக் குடுப்பீங்களா, மாமா கையில காட்டறதுக்கு?"

தெரியாத கட்டத்தை நிரப்பிக் கொடு என்பதுபோல அவர் கேட்டார். மே மாதம் என்றால் கொடுத்திருப்பேன். "மாட்டேம்மா" என்றேன். "காலையில நானே வந்து கலந்து ஊத்தறேன்."

"இப்பவே ஊத்தினா இன்னா?"

தட்டை ஓரமாகச் சாய்த்துக் காட்டினேன். காலையில் விட்ட தண்ணீர் இன்னும் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊறிப்போன நாரில் உரம் தங்காது, வேரும் மூச்சுவிட வேண்டும், ராத்திரி முழுக்க வடியட்டும் என்றேன். இன்னொரு காரணத்தைச் சொல்லவில்லை. அங்கிருந்த போர்வெல் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று தெரியாமல் அதில் உரம் கலக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பாட்டிலில் தண்ணீரும், ஒரு தட்டின் மூலையில் இருந்து நான்கு குழி கோகோபீட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரியவர் நாடாவைச் சுருட்டவில்லை. "வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆளு வர்றாங்க" என்று என்னிடம் சொன்னார், நான் அந்த வீட்டு ஆள்போல.

5.20க்கு லேப். தண்ணீரில் உப்பு இருந்தது, ஆனால் நாற்று தாங்கும் அளவு. நான்கு குழியிலும் நான் பயந்தபடிதான். மே மாத மாதிரியில் இருந்ததைவிடக் குறைவு. அலசி முடித்துவிட்டார்கள். மூன்று சத்தும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் நைன்டீன் ஆல் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் என்று முடிவு செய்து, பத்து லிட்டருக்கு ஒரு பொட்டலமாக எடை போட்டுக் கட்டினேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் தராசில் இரண்டு முறை வைத்தேன். பிறகு, ஒரு கிராம் அதிகமோ, மஞ்சள் நாற்று அதைத் தாங்காமல் நிஜமாகவே கருகிவிடுமோ என்று தோன்றியது. உரம் கருக்கும் என்று நான் எழுதியது பொய்யாகி அரை நாள்கூட ஆகவில்லை. இப்போது அது உண்மையாகிவிடுமோ என்று பயந்தேன். எல்லாவற்றையும் பிரித்து அரை கிராமாகக் கட்டினேன். அரை கிராமில் வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றும் தெரியாது. மறுபடி பிரித்து ஒரு கிராமாகக் கட்டினேன். சார் கிளம்பும்போது கதவருகே நின்று பார்த்தார். "உரம் என் கணக்குல இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வீட்டுக்கு வந்து டைரி எழுதினேன். தூக்கம் பற்றி ஒரே வரி இருக்கிறது: இல்லை.

ஜூன் 12, புதன்கிழமை. சேலையூரில் 5.15 பஸ், மேடவாக்கத்தில் மாறி, 6.10க்குக் கோவிலம்பாக்கம். அந்தப் பெண் எனக்கு முன்பே பக்கெட்டில் பத்து லிட்டர் பிடித்து வைத்திருந்தார். முதல் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, கரையும் வரை கலக்கினேன்.

"முதல்ல மூணு தட்டுக்கு மட்டும் ஊத்திப் பாக்கலாம். நாளைக்கு மிச்சம்" என்றேன்.

"நாளைக்கு வியாழன் மேடம். எனக்கு அந்த ஒரு நாள் கெடயாது." பூவாளியை எடுத்து நீட்டினார். "அளந்துட்டீங்கல்ல? எல்லாத்துக்கும் ஊத்தலாம். நீங்க அந்தக் கோடியிலேர்ந்து வாங்க, நான் இங்கேர்ந்து வர்றேன்."

பூவாளியை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து, கத்தரி இருந்த முதல் தட்டுக்கு ஊற்றினேன்.